‘கரண்ட் வைத்ததால்தான் அம்மாவுக்கு மறதி வந்ததா?’

அம்பாசமுத்திரம் பக்கத்து ஊரிலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 56 வயது. முப்பது வருஷம் பீடி சுற்றியவர். மூன்று வருஷத்துக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் கீமோவும் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். சில மாதங்களுக்கு முன்னால் விடாத தலைவலி, விடியற்காலை வாந்தி, ஒரு தடவை வலிப்பு. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையில் ஏழு இடத்தில் புள்ளிகள். தலை முழுவதற்கும் பத்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். தலைவலியும் வாந்தியும் நின்றன. சிகிச்சை முடிந்து இப்போது நான்கு மாதம்.

இப்போதுள்ள பிரச்சினை மறதி. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கிறார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பகலெல்லாம் தூக்கம், எழுப்பினால் கோபம். போன வாரம் காலிப் பீடித் தட்டைத் தூக்கிக்கொண்டு, கணக்கு முடித்து மூன்று வருஷம் ஆன பீடிக் கடைக்குப் போய் “இலை போடுங்க” என்று நின்றிருக்கிறார். தாய்மாமா வீட்டுக்கு வந்து, “கரண்ட வச்சு எங்க அக்கா மூளையப் பொசுக்கிட்டியளே” என்று சத்தம் போட்டிருக்கிறார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் மகள்.

மூளை வீக்கத்துக்கான மாத்திரை மூன்று வாரத்துக்கு முன் தீர்ந்துபோயிற்று. முகம் ஊதிக்கொண்டே வந்ததால், நல்லதுதான் என்று திரும்ப வாங்கவில்லை. புதிய ஸ்கேனில் பழைய ஏழும் சுருங்கியிருக்கின்றன, ஆனால் புதிதாக இரண்டு சின்னப் புள்ளிகள். அந்த இரண்டுக்கு மட்டும் மதுரைக்குப் போய் ‘ஸ்டீரியோ’ கதிர்வீச்சு வாங்கச் சொல்கிறார் டாக்டர். மாமா கூடாது என்கிறார். அண்ணன், அம்மா நினைவோடு இருக்கும்போதே வீட்டை எழுதி வாங்கிவிட வேண்டும் என்கிறார். நோய் தலைக்குப் போனதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. “கழுத்து நரம்புக்கு வைத்தியம்” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவரோ, “ஏட்டி, எனக்குத் தலையில என்னதான் இருக்கு?” என்று தினமும் கேட்கிறார்.

“என் கையெழுத்தால்தான் அம்மா இப்படி ஆனாளா? இன்னொரு தடவை ஒத்துக்கொள்ளலாமா?” என்று முடிகிறது கடிதம்.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்விக்குப் போவதற்கு முன்னால் ஒரு அவசரம். அந்த வீக்க மாத்திரை அநேகமாக டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு வகை. இதை மாதக்கணக்கில் சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு ஈடுகொடுக்காது. அசதி, தூக்கம், தலைசுற்றல், பசியின்மை, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரும். மூளையைச் சுற்றி அடங்கியிருந்த வீக்கமும் திரும்பலாம். பகல் தூக்கம் “மூணு வாரமா ரொம்ப அதிகம்” என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு முதலில் இதுதான் தோன்றியது. நாளைக்கே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய், மாத்திரை நின்ற தேதியைச் சொல்லுங்கள். நீங்களாகப் பழைய அளவில் ஆரம்பிக்க வேண்டாம். எழுப்பியும் சரியாக விழிக்கவில்லை, வாந்தி, வலிப்பு என்று ஏதாவது வந்தால் நாளை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

முகம் ஊதியது அந்த மாத்திரையால்தான். நீங்கள் கண்டது சரி. ஆனால் ஸ்டீராய்டை டாக்டர் சொல்லும் கணக்குப்படி, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

கரண்ட் இல்லை

நம் பக்கத்தில் கதிர்வீச்சுக்குக் ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் பேர். ஓ.பி.யில் தினமும் காதில் விழும் வார்த்தை. அதைக் கேட்டதும் ஷாக் அடிப்பது, பொசுங்குவது என்று மனம் போய்விடுகிறது. உங்கள் மாமாவும் அந்த வார்த்தை இழுத்த வழியில்தான் போயிருக்கிறார், அவர்மேல் கோபப்படாதீர்கள். உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே போன்ற, ஆனால் அதைவிடப் பல மடங்கு வலுவான கதிர்கள் சில நிமிஷம் படும். சூடு தெரியாது, வலிக்காது. புற்றுச் செல்லின் மரபுப்பொருள் உடைந்து, அது பெருக முடியாமல் சாகும்.

அதற்காக, கதிர்வீச்சால் மூளைக்கு ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். தலை முழுவதற்கும் கொடுக்கும்போது வழக்கமான அளவு பத்து நாளில் 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் நல்ல மூளைக்கும் அதே அளவு போய்ச் சேருகிறது. நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, இரண்டு பக்கமும் ஆழத்தில், ஹிப்போகாம்பஸ் என்று கடல்குதிரை வடிவத்தில் ஒரு பகுதி உண்டு. இன்று நடந்ததை நாளைக்கு நினைவு வைப்பது அதன் வேலை. கதிர்வீச்சை அதிகம் தாங்காத இடங்களில் அது ஒன்று. அது அடிபட்டால் காலையில் சாப்பிட்டது மறந்துபோகும், முப்பது வருஷப் பீடிக் கடை வழி மறக்காது.

மறதிக்கு ஒரே காரணம்தானா?

2016-ல் வட அமெரிக்காவில் 213 நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு வெளியானது. எல்லோருக்கும் மூளையில் ஒன்று முதல் மூன்று புள்ளிகள். பாதிப் பேருக்குப் புள்ளிக்கு மட்டும் ஸ்டீரியோ கதிர்வீச்சு, மீதிப் பேருக்கு அதோடு தலை முழுவதற்கும். மூன்று மாதம் கழித்து நினைவு, கவனம், பேச்சு ஆகியவற்றைச் சோதித்தார்கள். தலை முழுவதற்கும் வாங்கியவர்களில் 100-க்கு 92 பேர் ஏதாவது ஒரு சோதனையிலாவது சறுக்கினார்கள். புள்ளிக்கு மட்டும் வாங்கியவர்களில் 64 பேர். உயிரோடிருந்த காலத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். தலை முழுவதற்கும் கொடுத்தால் நினைவு கூடுதலாக அடிபடுகிறது, அது உண்மை. மூளை முழுவதற்கும் கதிர் படாதவர்களிலும் மூன்றில் இரண்டு பேர் சறுக்கினார்கள் என்பதும் அதே அளவு உண்மை. கட்டியே நினைவைத் தின்னும். வீக்கம், வலிப்பு, மருந்து, முன்பு வாங்கிய கீமோ, பயம், தூக்கமின்மை எல்லாம் தங்கள் பங்கைச் செய்யும். அம்மாவுக்கு எதனால் எவ்வளவு என்று ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் தேடலாம். நேரில் வந்திருந்தால் நான் தேடியிருக்கும் வரிசை இது:

ஸ்டீராய்டு நின்றது பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது அந்தக் கோபம். வலிப்புக்கு லெவெடிராசெட்டம் என்ற மாத்திரை கொடுத்திருந்தால், சிலருக்கு அதுவே எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்துவிடும். “இதனால் இருக்குமா, மாற்றலாமா?” என்று கேளுங்கள். மாற்ற வேறு மாத்திரைகள் உண்டு.

அப்புறம் காது. இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தலைக்குக் கதிர்வீச்சு வாங்கிய பிறகு காதுக்குள் நீர் கோத்தோ மெழுகு இறுகியோ அடைத்துக்கொள்ளலாம். பாதி காதில் விழாதவர் திரும்பத் திரும்பக் கேட்கத்தான் செய்வார். வீட்டில் உள்ளவர்களுக்கு அது மறதியாகத் தெரியும். காது டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்தால் போதும்.

ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் இந்த நிலையில் குழப்பம் வரலாம். எல்லாம் சாதாரணச் சோதனைகள், உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். மனச்சோர்வையும் கேளுங்கள். வேலை போய், முடி கொட்டி, வீட்டில் எல்லோரும் தன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று உணரும் ஒருவருக்கு மனம் சோர்வது ஆச்சரியமில்லை.

இவையெல்லாம் போக மீதி இருப்பதில்தான் கட்டியின் பங்கும் கதிர்வீச்சின் பங்கும். கதிர்வீச்சின் பங்குக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. முடிந்த ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை வரும் தூக்கமும் மந்தமும், நரம்பின் மேலுறை தற்காலிகமாகப் பழுதாவதால் வருவது. பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும். ஆறு மாதத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல வருவதுதான் நிலைத்துவிடக்கூடியது. அம்மா இப்போது நான்காவது மாதத்தில் இருக்கிறார். அதனால் இப்போது நீங்கள் பார்ப்பதையே முடிவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழையபடி முழுவதும் திரும்புவார் என்று வாக்குக் கொடுக்கவும் என்னால் முடியாது.

அன்று வேறு வழி இருந்ததா?

ஏழு புள்ளிக்கும் ஸ்டீரியோவே கொடுத்திருக்கலாமே என்று நெட்டில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நாலு புள்ளி வரை அதற்குத்தான் முதலிடம், இன்று அதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஐந்து முதல் பத்து வரை இருந்தவர்களும் இரண்டு முதல் நான்கு வரை இருந்தவர்களுக்குக் குறையாமல் வாழ்ந்தார்கள் என்று, 1,194 பேரை வைத்துச் செய்த ஜப்பான் ஆய்வு 2014-ல் காட்டியது. ஆகவே நீங்கள் படித்ததில் உண்மை உண்டு. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. மொத்தக் கட்டியின் அளவு, இருக்கும் இடம், வீக்கம், அருகில் என்ன மெஷின் இருக்கிறது, எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று எல்லாம் பார்க்க வேண்டும். வாந்தியும் வலிப்புமாக வந்தவருக்கு உடனே தலை முழுவதற்கும் ஆரம்பிப்பது நியாயமான முடிவு.

ஹிப்போகாம்பஸை ஒதுக்கிவிட்டுக் கொடுக்கும் முறையும், கூடவே மெமாண்டின் என்ற, மறதி நோய்க்குக் கொடுக்கும் மாத்திரையும் உண்டு. 518 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020-ல் வந்தது. மெமாண்டினோடு வழக்கமான முறையில் வாங்கியவர்களைவிட, மெமாண்டினோடு ஹிப்போகாம்பஸை ஒதுக்கி வாங்கியவர்களுக்கு நினைவுச் சரிவின் அபாயம் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதற்குத் திட்டமிட நாள் பிடிக்கும், புள்ளிகள் அந்தப் பகுதியை ஒட்டி இருந்தால் முடியாது, எல்லா ஊரிலும் வசதியும் இல்லை. மெமாண்டினைக் கதிர்வீச்சு தொடங்கும்போதே ஆரம்பித்து 24 வாரம் கொடுத்துத்தான் சோதித்திருக்கிறார்கள். நான்கு மாதம் கழித்து ஆரம்பித்தால் அதே பலன் வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மெமாண்டின் ‘புத்தி பேதலித்தவர்களுக்கான மாத்திரை’ என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அதை மறந்துவிடுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்று உங்கள் முன்னால் இருந்தது ‘நினைவா, கரண்டா’ என்ற தேர்வு அல்ல. ஏழு கட்டிகள் வளர்ந்துகொண்டிருந்தன. விட்டிருந்தால் அவை நினைவை விட்டுவைத்திருக்காது. தலைவலி நின்று அம்மா முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அதுவும் உங்கள் கையெழுத்தால் வந்ததுதான். மாமாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த ஓ.பி.க்கு அவரையும் கூட்டிப்போங்கள். டாக்டர் திரையில் பழைய ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், நீங்கள் பத்து நாள் பேசியும் புரியாதது அவருக்கு அங்கேயே புரிந்துவிடும்.

புதிய இரண்டு புள்ளிகள்

இப்போது சொல்லியிருப்பது பழைய சிகிச்சையைத் திரும்பச் செய்வது அல்ல. முகத்துக்கு அளவெடுத்த வலைமாஸ்க் போட்டு, பல திசையிலிருந்து மெல்லிய கதிர்கள் அந்தச் சின்னப் புள்ளியில் மட்டும் வந்து கூடும்படி செய்வார்கள். ஒரு நாள், அல்லது மூன்றிலிருந்து ஐந்து நாள். நல்ல மூளைக்கு மிகக் குறைவாகவே போகும். நினைவைக் காக்க வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் கவலை என்றால், கதிர்வீச்சு வகைகளில் இதுவே அதற்கு ஏற்றது.

ஆபத்து இல்லாமல் இல்லை. சில மாதம் கழித்து, கதிர் பட்ட இடத்தில் திசு அழுகினாற்போல் ஆகி வீக்கம் வரலாம். பெரும்பாலும் மருந்திலேயே அடங்கும், சிலருக்கு ஆபரேஷன் வரை போகும். வேறிடத்தில் புதிய புள்ளி முளைப்பதை இது தடுக்காது. அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் இப்போதே கணக்கில் சேருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சை அந்த மருத்துவமனையில் அதில் வருமா என்று கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “அம்மாவின் கட்டி ஹெர்2 வகையா?” புற்றுச் செல்லின் மேல் ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக இருக்கும் வகை அது, மார்பகத்தில் எடுத்த சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருக்கும். ஆம் என்றால், மூளை வரை போய் வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன, திட்டமே மாறலாம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு வழி, அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். படுத்த படுக்கையாகி, உடம்பெல்லாம் நோய் பரவியவருக்கு அதுவே சரியாக இருக்கலாம். ஆனால் நடந்து பீடிக் கடை வரை போகிற, சாப்பிடுகிற, மற்ற இடங்களில் நோய் அடங்கியிருக்கிற ஒருவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஸ்டீராய்டு விஷயத்தைச் சரிசெய்துவிட்டு மதுரைக்குப் போவதே என் ஆலோசனை.

வீட்டில்

புதிதாகக் கற்கும் நினைவுக்கும் கைப்பழக்கத்தின் நினைவுக்கும் மூளையில் வேறு வேறு இடம். இலையை அளவாக வெட்டி, தூள் வைத்து உருட்டி, நூல் சுற்றி, நுனியை நகத்தால் மடக்கும் வேலை அம்மாவின் விரலில் இன்னும் இருக்கிறது. அதை உபயோகியுங்கள். புகையிலைத் தூள் வேண்டாம். இலையையும் கத்தரியையும் மட்டும் கொடுத்து வெட்டச் சொல்லலாம், பூ கட்டச் சொல்லலாம். கத்தரி எடுக்கும்போது யாராவது பக்கத்தில் இருங்கள். வேலை ஓடும்போது மனமும் தெளியும், “என்னால் ஒன்றும் ஆகவில்லை” என்ற எண்ணமும் குறையும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை. “பாலைக் காய்ச்சு, சீப்பை எடு, சின்னவனைக் கூப்பிடு” என்று மூன்றைச் சேர்த்துச் சொல்லாதீர்கள். கிழிக்கும் காலண்டரை அவர் உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டி, தினமும் அவரையே தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்கள் கையில் கொடுங்கள். சமையல் முடிந்ததும் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். பீடிக் கடைக்காரரிடமும் தெருமுனைக் கடையிலும் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். திரும்பக் கேட்கும் கேள்விக்கு, “இப்பதானே சொன்னேன்” என்பதை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் சொல்லுங்கள். இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது மைனியோ சித்தியோ வந்து அம்மாவோடு இருக்கட்டும், நீங்கள் வெளியே போய்விட்டு வாருங்கள்.

அண்ணன் கேட்கும் கையெழுத்து

இதில் சட்டத்தை வக்கீல்தான் சொல்ல வேண்டும். டாக்டராக எனக்குத் தெரிந்தது: மறதி இருப்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டார் என்று ஆகாது. தன் சொத்து எது, யாருக்குக் கொடுக்கிறோம், கொடுத்தபின் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் புரிந்து சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. இன்றைக்கு அம்மா இருக்கும் நிலையில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போவது அவருக்கும் நல்லதல்ல, அண்ணனுக்கும் நல்லதல்ல, நாளைக்கு யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். உடம்பு தெளியட்டும். பிறகு டாக்டர் சோதித்துச் சான்று கொடுக்க, அம்மாவே மனமொப்பிச் செய்தால் செய்யட்டும். ‘இப்போதைக்குப் பவர் எழுதி வாங்கிவிடலாம்’ என்றால், எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவில்லாமல் போனால் சாதாரணப் பவர் செல்லாமல் போகும் என்பதையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா கேட்கும் கேள்வி

“தலையில என்னதான் இருக்கு?” என்று தினமும் கேட்பவருக்கு, தலையில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. கழுத்து நரம்பு என்ற பதிலை அவர் நம்பவில்லை, அதனால்தான் மறுநாளும் கேட்கிறார். கேள்வி திரும்பத் திரும்ப வருவதற்கு மறதி மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அவர் தெளிவாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, “உனக்கு என்ன தோணுதும்மா?” என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். “நெஞ்சில் வந்ததுதான் தலைக்கும் வந்திருக்கிறது, மருந்து கொடுத்துச் சுருங்கியிருக்கிறது, இரண்டு சின்னது மட்டும் மிச்சம்” என்ற அளவு போதும். புற்றுநோய் என்ற வார்த்தையை அவர் கேட்டால் மறைக்காதீர்கள், கேட்காவிட்டால் திணிக்காதீர்கள். இரண்டு நாளில் மறந்துவிட்டு மறுபடி கேட்பார். மறுபடியும் அதே உண்மையை அதே குரலில் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு மதுரைக்குப் போகலாமா என்று அவரிடமே கேளுங்கள். நீங்களும் மாமாவும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற இந்த விஷயத்தில், யாரும் இன்னும் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.